லேசாக ஒரு கோடு

போன ஐப்பசி அடைமழையில் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டாம் நாள் 103 டிகிரியைத் தொட்டதும் பக்கத்து லேபுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டெங்கு கார்டு டெஸ்ட். லேபில் இருந்த பெண் ரத்தம் எடுத்து, மெஷினில் சுற்றவிட்டு, மேலே தெளிந்து நின்ற சீரத்தில் சில சொட்டுகளை அந்த வெள்ளை பிளாஸ்டிக் அட்டையின் குழியில் விட்டார். கால் மணி நேரம் கழித்து அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார். அப்புறம் டியூப்லைட்டுக்கு அடியில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் என்னிடமே நீட்டி, “அக்கா, நீங்களே பாருங்களேன். லேசா ஒரு கோடு இருக்கிற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு” என்றார். நான் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. கணவர் செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, இருக்கிறது என்றார். பிள்ளைக்கு வந்தது என்ன காய்ச்சல் என்பதைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் ஓட்டுப் போட்டு முடிவு செய்துகொண்டிருந்தோம்.

ரிப்போர்ட்டில் நெகட்டிவ் என்று எழுதிக் கொடுத்த அந்தப் பெண், “எதுக்கும் எலிசாவுக்கு அனுப்பிடுங்க அக்கா” என்றும் சொன்னார். எலிசா என்பது அட்டையைவிட நுட்பமாகப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை. அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது, தெரியாததைத் தெரியவில்லை என்று சொன்னவர். மறுநாள் சாயங்காலம் எலிசா பாசிட்டிவ் என்று வந்தது. நல்லவேளையாகத் தட்டணுக்கள் பயமுறுத்தும் அளவுக்கு இறங்கவில்லை, பாராசிட்டமாலும் இளநீரும் அத்தையின் நிலவேம்புக் கசாயமுமாகப் பத்து நாளில் எழுந்துவிட்டாள். அந்தக் கோடுதான் என்னை விடவில்லை. இருந்ததா, இல்லையா? என் கண்ணில் கோளாறா, அட்டையிலா? கல்லூரியில் வேதியியல் படித்தவள் என்பதால் வந்த வினை என்று வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு இதைப் பற்றியே தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். படிக்கப் போனது ஓர் அட்டையைப் பற்றி. போய் நின்ற இடம் வைரம்.

அட்டையில் தெரியும் அந்தச் சிவப்புக் கோடு பெரும்பாலும் தங்கம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நகைக்கடையில் விற்கும் அதே தங்கம்தான். சில பத்து நானோமீட்டர் அளவுக்குப் பொடியாகிவிட்டால் தங்கம் மஞ்சளாகத் தெரியாது, ஒயின் சிவப்பாகத் தெரியும். அந்தத் துகள்கள்மேல் எதிர்ப்பொருளை ஒட்டி வைத்திருப்பார்கள். சீரத்தில் டெங்கு வைரஸின் என்.எஸ்.1 புரதம் இருந்தால் துகள் அதைப் பிடித்துக்கொண்டு நைட்ரோசெல்லுலோஸ் தாளில் ஊர்ந்து போகும். வழியில் கோடு போட வேண்டிய இடத்தில் இன்னொரு எதிர்ப்பொருள் வரிசை காத்திருந்து புரதத்தின் மறுபக்கத்தைப் பிடிக்கும். அங்கே தங்கம் குவியக் குவியக் கோடு சிவக்கும். சிக்கல் என்னவென்றால், நம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் ஏகப்பட்ட துகள்கள் குவிய வேண்டும். கொஞ்சமாகக் குவிந்தால் கோடு அங்கே இருக்கும், நமக்குத்தான் தெரியாது. அன்று எங்கள் வீட்டில் நடந்த ஓட்டெடுப்பு அந்த இடைவெளியில் நடந்தது.

தங்கத்துக்குப் பதில் ஒளிரும் சாயத்தை வைத்தால் என்ன என்று உடனே தோன்றும், எனக்கும் தோன்றியது. அதைப் பல காலமாகச் செய்துதான் பார்த்திருக்கிறார்கள். ஆனால் வெளிச்சம் போட்டால் தாளும் ஒளிர்கிறது. நைட்ரோசெல்லுலோஸுக்கென்று சொந்தமாக ஒரு மங்கல் ஒளி உண்டு. சீரத்துக்கும் உண்டு. மங்கலான கோட்டை மங்கலான தாளிலிருந்து பிரித்துப் பார்க்கும் பழைய பிரச்சினை வேறு வேஷத்தில் திரும்பி வந்துவிடுகிறது.

அணைத்து அணைத்துப் போடுவது

2020 நவம்பரில் யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் ரேச்சல் மெக்கென்ட்ரியின் குழு நேச்சர் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. நம் அட்டையைப் போன்ற அதே தாள், அதே ஊர்தல், அதே கோடு. தங்கத்தூள் இருந்த இடத்தில் மட்டும் வைரத்தூள். படித்துக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் கோட்டைப் பிரகாசமாக்க முயலவில்லை. சீரான தாளத்தில் மினுக்க வைத்திருந்தார்கள்.

தேர்த் திருவிழா இரவு, தெரு முழுக்கச் சீரியல் விளக்கு, கோபுரம் வரைக்கும் ஒரே வெளிச்சம். தெருக்கோடியில் நிற்கும் தம்பிக்கு நம் வீட்டு மொட்டைமாடி விளக்கு எதுவென்று எப்படிக் காட்டுவீர்கள்? இன்னும் பெரிய பல்பாக மாற்றலாம், ஊரே ஜொலிக்கும்போது அதுவும் எடுபடாது. ஸ்விட்சை அணைத்து அணைத்துப் போட்டால் ஜீரோ வாட்ஸ் பல்பாக இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவான். வைரத்தூளுக்கு அப்படி ஒரு ஸ்விட்ச் இருக்கிறது, மைக்ரோவேவ். பச்சை ஒளியில் சிவப்பாக ஒளிரும் அந்தத் தூளுக்குப் பக்கத்தில் சரியாக 2.87 கிகாஹெர்ட்ஸில் மைக்ரோவேவ் விட்டால் ஒளி கொஞ்சம் மங்கும், நிறுத்தினால் பழையபடி ஏறும். தாளுக்கு அது தெரியாது, தன்பாட்டுக்கு ஒரே சீராக ஒளிர்ந்துகொண்டிருக்கும். கேமராவில் பதிந்ததிலிருந்து, நாம் போட்ட தாளத்துக்கு ஆடும் ஒளியை மட்டும் கணக்குப் போட்டு எடுத்தால் தாளின் ஒளி கழிந்துவிடுகிறது.

பயோட்டினும் அவிடினும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்ளும் ஜோடி, புதுக் கருவிகளைப் பல சமயம் முதலில் இந்த ஜோடியை வைத்துத்தான் சோதிப்பார்கள். அந்தச் சோதனையில் தங்கத்துகளைவிட 1 லட்சம் மடங்கு குறைவான அளவைக்கூட வைரம் கண்டுபிடித்தது. கண்டுபிடிக்க முடிந்த கடைசி எல்லை, 8.2-ஐ ஒன்றுக்குப் பின் 19 சைபர் போட்ட எண்ணால் வகுத்த மோலார் அளவு. பேனா எடுத்துப் போட்டுப் பார்த்தேன், ஒரு மில்லிலிட்டரில் ஏறக்குறைய 500 மூலக்கூறுகள் வருகிறது. எச்.ஐ.வி.-யின் ஆர்.என்.ஏ.-வை, ஒரே வெப்பநிலையில் 10 நிமிடம் பிரதியெடுத்துப் பெருக்கிய பிறகு, ஒற்றைப் பிரதி வரை காட்டியிருக்கிறார்கள். இந்த 1 லட்சத்தைப் பிடித்துக்கொண்டு செய்திகள் நிறைய ஓடின. அது பயோட்டின்-அவிடின் ஜோடிக்கான எண், எல்லா நோய்க்கும் அப்படியே பொருந்தாது என்பதை மட்டும் ஓரமாகச் சொல்லிவிடுகிறேன்.

தோஷமுள்ள கல்

சரி, வைரத்துக்குள் அந்த ஸ்விட்ச் எங்கிருந்து வந்தது? வைரம் முழுக்கக் கார்பன். அதில் ஒரு கார்பன் இருக்க வேண்டிய இடத்தில் நைட்ரஜன் வந்து உட்கார்ந்திருக்கிறது, அதற்கு அடுத்த இடத்தில் யாருமே இல்லை. பந்தியில் ஒருவர் ஆள் மாறி உட்கார்ந்து, பக்கத்து இலை காலியாகக் கிடப்பதுபோல. நைட்ரஜனும் காலியிடமும் சேர்ந்த இந்த ஜோடியை என்.வி. மையம் என்கிறார்கள். வெளியிலிருந்து ஓர் எலக்ட்ரான் வந்து சேர்ந்து எதிர்மின் சுமை ஏறினால்தான் இது வேலைக்கு ஆகும். அதன் எலக்ட்ரான்களின் சுழற்சி பூஜ்யம், கூட்டல் ஒன்று, கழித்தல் ஒன்று என்று மூன்று நிலைகளில் ஒன்றில் இருக்கும். பச்சை ஒளி பட்டதும் பூஜ்ய நிலையில் இருப்பது பளிச்சென்று சிவப்பை உமிழும். மற்ற இரண்டிலும் இருப்பது பல தடவை குறுக்குச் சந்து ஒன்றில் நுழைந்து, சிவப்பை உமிழாமலே கீழே இறங்கிவிடும். அந்தச் சந்து பெரும்பாலும் பூஜ்ய நிலையில் கொண்டுவந்து விடுவதால், பச்சை ஒளியே அதைப் பழைய நிலைக்குத் திருப்பியும் விடுகிறது. 2.87 கிகாஹெர்ட்ஸ் என்பது பூஜ்யத்திலிருந்து மற்ற இரண்டுக்கும் தாவ வேண்டிய படியின் உயரம். நம் வீட்டு வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் வேலை செய்யும் 2.4 சொச்சம் கிகாஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். இந்தக் கூத்து முழுவதும் சாதாரண அறை வெப்பத்தில் நடக்கிறது என்பதுதான் பெரிய விஷயம். குவாண்டம் என்றாலே திரவ ஹீலியம் என்று படித்தே வளர்ந்தவள் நான்.

இதை ஆர்வக்கோளாறில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். போட்டிருக்கக் கூடாது. அரை மணி நேரத்தில் மச்சினர் ஒரு சூரியோதயப் படத்தின் மேல், குறைதான் வைரத்தின் பலம், உன் குறைதான் உன் பலம் என்று எழுதி அனுப்பிவிட்டார். எல்லோரும் கைகூப்பும் பொம்மை போட்டார்கள். எனக்கு அன்றைக்கெல்லாம் எரிச்சல். ஏன் எரிச்சல் என்று யோசித்ததில்தான் இந்தக் கட்டுரையே வந்தது.

எங்கள் வீட்டில் வைரக் குறை என்றால் அது வேறு கதை. அம்மாவின் கல்யாணத்துக்கு ஏழுகல் தோடு வாங்கியபோது அம்மாச்சி கல்லை மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தாராம். ஒரு கல்லில் கரும்புள்ளி என்று சொல்லித் திருப்பி அனுப்பி வேறு கல் வாங்கினாராம். இந்தக் கறார் நேற்று வந்ததில்லை. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், மதுரை ரத்தினக் கடைத்தெருவில் விற்கும் வைரம் எந்தெந்தக் குற்றம் இல்லாதது என்று பட்டியலே வருகிறது: காகபாதம், களங்கம், விந்து, ஏகை. அதாவது காக்கைக் கால் போன்ற கீற்று, கறை, புள்ளி, கோடு. ஆனால் இவையெல்லாம் கண்ணாலோ லென்ஸாலோ பார்க்கிற குறைகள். என்.வி. மையம் என்பது ஓர் அணு மாறி ஓர் அணு காணாமல் போன இடம், எந்த ஆசாரியின் லென்ஸிலும் அகப்படாது. ஒரு காரட் வைரத்தில் ஒன்றுக்குப் பின் 22 சைபர் போட்ட அளவுக்குக் கார்பன் அணுக்கள் இருக்கின்றன. இயற்கை வைரங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் நைட்ரஜனும் கலந்திருக்கிறது. அம்மாச்சி தேர்ந்தெடுத்த குற்றமற்ற கல் ஒவ்வொன்றிலும் குற்றம் கோடிக்கணக்கில் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

இந்த ஆய்வுக்கூடக்காரர்கள் அம்மாச்சியைவிடக் கறாரானவர்கள். அதைத்தான் மச்சினரின் சூரியோதயம் மறைத்துவிடுகிறது. வைரத்தை எலக்ட்ரான் கற்றையால் அடித்துக் காலியிடங்களை உண்டாக்கி, 800 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குவார்கள். காலியிடங்கள் அலைந்து திரிந்து நைட்ரஜன் பக்கத்தில் போய் நிற்கும். ஆனால் நிறைய நைட்ரஜன்கள் ஜோடி கிடைக்காமல் தனியாகவே நின்றுவிடும். ஒவ்வொன்றிலும் இணை சேராத எலக்ட்ரான் ஒன்று இருக்கும். அது ஒரு குட்டிக் காந்தம்போலப் பக்கத்தில் இருக்கும் நல்ல மையத்தைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கும். கார்பனிலும் எல்லாம் ஒரே ஜாதி இல்லை, இயற்கையில் 1.1 சதவீதம் கார்பன்-13. அதன் அணுக்கருவும் காந்தம்தான். அதையும் பெரும்பாலும் பொறுக்கி எடுத்துவிட்டு கார்பன்-12-ஆக வளர்த்த வைரத்தில், அறை வெப்பத்திலேயே ஒரு மையம் 1.8 மில்லிநொடி வரை தன் தாளம் தப்பாமல் நின்றதை 2009-ல் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டின் யோர்க் ராக்ட்ரூப் குழு காட்டியது. இந்த மையத்தை வைத்து ஒரு பொருளின் காந்தப்புலத்தை அளக்க வேண்டுமென்றால், அந்தப் பொருள் வைரத்துக்கு வெளியே இருப்பதால் மையம் மேற்பரப்புக்கு மிக அருகில், சில நானோமீட்டர் ஆழத்தில் இருக்க வேண்டும். ஒற்றைக் குட்டிக் காந்தத்தின் புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது, இரண்டு மடங்கு தள்ளிப் போனால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். கிட்டே கொண்டுவந்தாலோ மேற்பரப்பில் அறுந்து தொங்கும் பிணைப்புகளின் இரைச்சல். ஆக ஒரேயொரு வகைக் குறையை, வேண்டிய ஆழத்தில், வேண்டிய மின்சுமையோடு வைத்துக்கொண்டு மற்ற எல்லாக் குறைகளையும் துரத்துகிறார்கள். இதை எந்தச் சூரியோதயப் படத்தில் எழுதுவது?

பதினைந்து மணி நேரம்

ஒளிரும் வைரத்தைப் பற்றிப் படிக்கும்போது பெங்களூர் வந்தே தீரும். திருச்சிப் பக்கம் திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் 1940-களில் பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் வைரத்தின்மேல் பைத்தியமாக இருந்தார். அவரிடம் ஆய்வு செய்ய வந்த அன்னா மணி, மெட்ராஸ் பிரசிடென்சி கல்லூரியில் படித்தவர். முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களின் ஒளிர்வை ஒவ்வொன்றாகப் பதிவு செய்திருக்கிறார். கல்லைத் திரவக் காற்றின் குளிரில் வைத்து, அந்த மங்கல் ஒளி போட்டோத் தகட்டில் விழ 15 முதல் 20 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும். ராத்திரி ஆய்வுக்கூடத்திலேயே தங்கிவிடுவாராம். 1945-ல் ஆய்வேட்டைக் கொடுத்தார். எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்று சொல்லி மெட்ராஸ் பல்கலைக்கழகம் அவருக்கு பி.எச்டி. தரவில்லை. பிற்பாடு வானிலைக் கருவிகளில் பெரிய பெயர் எடுத்தார் என்பது உங்களுக்குத் தெரிந்த கதை.

அவர் பார்த்தது முக்கியமாக நீலமும் பச்சையுமான ஒளி, இந்த என்.வி. சிவப்பு அல்ல. ஆனால் அவையும் நைட்ரஜனும் காலியிடமும் வெவ்வேறு விதமாகக் கூடிச் செய்யும் வேலைதான். ராமன் அப்படி நினைக்கவில்லை, அந்த ஒளி வைரத்தின் சொந்த இயல்பு, கலப்படத்தால் வந்ததல்ல என்று அடித்துச் சொன்னார். வைரத்தில் முக்கியக் கலப்பு நைட்ரஜன்தான் என்று கைசரும் பாண்டும் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்திலிருந்து எழுதியது 1959-ல். எனக்கு இதில் ராமனின் பிழையைவிட அந்த 15 மணி நேரம்தான் மனதில் நிற்கிறது. மங்கலாக ஒரு கோடு விழுகிறதா இல்லையா என்று இருட்டில் காத்துக்கொண்டிருப்பது. எனக்கு ஒரு கால் மணி நேரத்துக்கே உயிர் போனது.

தூளுக்கு அப்பால்

அட்டையில் வைரத்தை வெறும் ஸ்விட்ச் போட்ட விளக்காகத்தான் பயன்படுத்துகிறார்கள். அதன் முழுத் திறமை வேறு இடங்களில் தெரிகிறது. காந்தப்புலம் பட்டால் அந்த 2.87 படி இரண்டாகப் பிரியும், மையத்தின் அச்சு வாக்கில் ஒரு மைக்ரோடெஸ்லாவுக்கு 28 கிலோஹெர்ட்ஸ் வீதம் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும். நம் ஊரில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா, அதற்கே 1.1 மெகாஹெர்ட்ஸ் நகரும். சூடு ஒரு டிகிரி கூடினால் படி 74 கிலோஹெர்ட்ஸ் இறங்கும். ஆகவே ஒரே பொடி திசைகாட்டியும் தெர்மாமீட்டரும். 2013-ல் ஹார்வர்டில் உயிருள்ள மனித செல்லுக்குள் நானோ வைரத்தையும் தங்கத்துகளையும் ஒன்றாக அனுப்பி, தங்கத்தை லேசரால் சுட்டு, வைரத்தைக் கேட்டு வெப்பத்தை அளந்தார்கள். 2016-ல் ரொனால்ட் வால்ஸ்வொர்த்தின் குழு ஒரு கடல் புழுவின் தடித்த நரம்பிழையை வைரச் சில்லின்மேல் கிடத்தி, ஒற்றை நரம்பு துடிக்கும்போது எழும் காந்தப்புலத்தைப் பிடித்தது. சில நானோடெஸ்லா, அதாவது பூமியின் புலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். பலமுறை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் நரம்பைக் குத்தவில்லை, சாயம் ஏற்றவில்லை.

வேதியியல்காரி என்ற முறையில் எனக்குப் பிடித்தது நெதர்லாந்தின் கிரோனிங்கனில் ரோமானா ஷிர்ஹாகல் செய்வது. பச்சை ஒளியால் மையத்தைப் பூஜ்ய நிலையில் நிறுத்திவிட்டு, விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரம் இருட்டில் விடுவது. அது எங்கே நின்றோம் என்பதை மெல்ல மறந்துபோகும். பக்கத்தில் இணை சேராத எலக்ட்ரானோடு ஏதாவது அலைந்தால் சீக்கிரம் மறக்கும். செல்லுக்குள் அப்படி அலைபவை ஃப்ரீ ரேடிக்கல்கள், பிறந்து கண்மூடித் திறப்பதற்குள் எதனோடாவது வினைபுரிந்து காணாமல் போகிறவை. அவற்றைப் பிடித்து வைத்து அளப்பது பெரும்பாடு. இங்கே பிடிக்கவே வேண்டாம், வைரத்தின் மறதியை அளந்தால் போதும்.

நம் நாட்டில் 2023-ல் அறிவித்த தேசிய குவாண்டம் திட்டத்தில் உணர்விகளுக்கான (சென்சார்) மையம் பம்பாய் ஐஐடியில். அதே ஆண்டு பட்ஜெட்டில் சொன்ன செயற்கை வைர ஆய்வு மையம் சென்னை ஐஐடிக்கு வந்திருக்கிறது. சூரத்தில் நகைக்காக வைரம் வளர்க்கும் தொழில் ஏற்கெனவே கொழிக்கிறது. தெருமுனை லேபுக்கு எப்போது வரும் என்று கேட்காதீர்கள். தூள் மலிவுதான், ஆனால் படிக்க மைக்ரோவேவ், பச்சை விளக்கு, கேமரா எல்லாம் வைத்த பெட்டி ஒன்று வேண்டும்.

அந்தப் பெட்டி அன்று இருந்திருந்தால் எங்கள் ஓட்டெடுப்பு நடந்திருக்காதா என்று யோசித்துப் பார்த்தேன். ஒளிர்வது தாளா வைரமா என்ற கேள்விக்கு மினுக்கல் பதில் சொல்லிவிடும். ஆனால் ஒட்டியிருக்கும் வைரம் டெங்கு புரதத்தைப் பிடித்துக்கொண்டு ஒட்டியதா, சும்மா போகிற போக்கில் ஒட்டிக்கொண்டதா என்பதற்கு மினுக்கலிடம் பதில் இல்லை, இரண்டும் ஒரே மாதிரிதான் மினுக்கும். வெற்று மாதிரிகளை நிறைய ஓட்டிப் பார்த்து, இந்த எண்ணுக்கு மேல் போனால்தான் பாசிட்டிவ் என்று யாராவது ஒருவர் கோடு கிழித்தாக வேண்டும். அந்தக் கோட்டைக் கிழிப்பவர் டார்ச் அடித்துப் பார்க்கும் என் கணவராக இருக்க மாட்டார் என்பதே எனக்குப் போதுமான முன்னேற்றம்.

அந்த அட்டையைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தால் கோடு நன்றாகவே தெரிந்தது. குறித்த நேரம் தாண்டித் தெரியும் கோட்டைக் கணக்கில் எடுக்கக் கூடாது, தாள் காயும்போதுகூட அப்படி விழும் என்று பெட்டிக்குள் இருக்கும் காகிதத்திலேயே போட்டிருக்கிறது. இவர் அதையெல்லாம் படிக்கத் தயாராக இல்லை. “நான் அப்பவே சொன்னேன்ல” என்று இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் அதை எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்.